வடசென்னையில் ‘க்ரீன்’ ஃபிளாட் வாங்கப் போறீங்களா? சர்டிஃபிகேட்டுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஃபிளாட் தேடுற பலருக்கும் ஒரே குழப்பம்தான். அண்ணா நகர், வேளச்சேரி விலை நம்ம சம்பளத்துக்கு எட்டாது. வடசென்னையில மெட்ரோ வந்தாச்சு, துறைமுகப் பகுதி மாறிக்கிட்டு இருக்கு, பில்டர் ‘க்ரீன் பில்டிங்’ என்று வேற சொல்றார். வாங்கலாமா, வேண்டாமா?

வீடியோல சுருக்கமா சொன்னதை இங்கே கணக்கோடு பார்க்கலாம். முடிவு உங்களோடது. ஆனா 20 வருஷக் கடனில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தையைக் கத்துக்கிட்டுப் போங்க: கமிஷனிங்.

முதல்ல, இந்தப் பகுதியில உண்மையாவே என்ன மாறியிருக்கு?

ஒரு காலத்துல சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத் தாதுவும் மலை மாதிரி குவிஞ்சிருக்கும். காத்து அடிச்சா ராயபுரம் வீட்டு மாடியில காயப்போட்ட துணி கறுத்துடும். வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால 2011 அக்டோபரிலிருந்து அந்தச் சரக்குகளை அங்கே கையாளுறது நின்னுது. நிலக்கரி எண்ணூர் பக்கம் போச்சு. 2001-ல செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகம்தான் இப்போ காமராஜர் துறைமுகம். சென்னைத் துறைமுகம் கன்டெய்னர், கார் ஏற்றுமதி மாதிரி தூசு குறைவான சரக்குக்கு மாறுச்சு. ராயபுரத்துக்குக் கிடைச்ச நிம்மதியோட சுமையை எண்ணூர்க்காரங்க சுமக்குறாங்க என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது மெட்ரோ. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில திறந்தது. தண்டையார்பேட்டை ஸ்டேஷன் அதுல சுரங்க ஸ்டேஷன்.

மூணாவது, அரசுப் பணம். 2023-24 தமிழக பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூணு வருஷத்துல 1,000 கோடி ரூபாய் என்று அறிவிச்சாங்க. மத்திய துறைமுக அமைச்சகமும் 2023 மே மாசம் ‘ஹரித் சாகர்’ என்ற பசுமைத் துறைமுக வழிகாட்டுதலை வெளியிட்டது. 2030-க்குள் ஒரு டன் சரக்குக்கு வெளியாகும் கார்பனை 30% குறைக்கணும் என்பது அதோட இலக்குகளில் ஒண்ணு.

இதெல்லாம் நல்ல செய்திதான். ஆனா ‘வந்தாச்சு’ என்பதுக்கும் ‘வரப்போகுது’ என்பதுக்கும் தனித்தனி விலை வைக்கணும். துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல அடிக்கல் நாட்டினாங்க. 2012-ல வேலை நின்னுது. 2022-ல மறுபடியும் அடிக்கல். 2009-ல ‘இன்னும் மூணு வருஷத்துல ரோடு வந்துடும்’ என்று நம்பி யாராவது கூடுதல் விலை கொடுத்திருந்தா, அந்தப் பணம் பத்து வருஷத்துக்கு மேல சும்மா தூங்கியிருக்கும். ஓடிக்கிட்டிருக்கிற மெட்ரோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். பேப்பர்ல இருக்கிற திட்டத்துக்குக் கொடுக்காதீங்க.

கமிஷனிங்னா என்ன?

மெட்ரோவையே உதாரணமா எடுத்துக்கலாம். தண்டவாளம் போட்டாச்சு, ஸ்டேஷன் கட்டியாச்சு, ரயிலும் வந்து நிக்குது. உடனே பயணிகளை ஏத்துவாங்களா? மாட்டாங்க. மாசக்கணக்கில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பாங்க. சிக்னல், கதவு, பிரேக், சுரங்கத்துல புகை வந்தா வெளியேத்துற விசிறி எல்லாத்தையும் சோதிப்பாங்க. கடைசியா மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் நேர்ல வந்து பார்த்து அனுமதி தரணும். அதுக்கப்புறம்தான் டிக்கெட். இதே பாதையில திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷன் தயாராகாததால அதை மட்டும் விட்டுட்டு மத்ததைத் திறந்தாங்க. தேரடி 2022 மார்ச்லதான் திறந்தது.

கட்டி முடிக்கிறது ஒரு வேலை. சொன்னபடி ஓடுதான்னு அளந்து, எழுதி, ஒப்படைக்கிறது இன்னொரு வேலை. இரண்டாவதுக்குப் பேருதான் கமிஷனிங்.

உங்க அடுக்குமாடியில கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், அதாவது எஸ்.டி.பி., இருக்கும். சோலார் பேனல், மழைநீர் சேகரிப்பு, தீயணைப்பு பம்ப், லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். இவை ‘இருக்கா’ன்னு நாம கேட்கிறோம். ‘ஓடுதா, எவ்வளவு ஓடுது, யார் அளந்தாங்க’ன்னு கேட்கிறதில்லை.

‘க்ரீன் சர்டிஃபிகேட்’ எதைச் சொல்லுது, எதைச் சொல்லாது?

இந்தியாவுல மூணு பேர் அடிக்கடி காதில் விழும். ஐ.ஜி.பி.சி., கிரிஹா, லீட். கிரிஹால ஒண்ணு முதல் அஞ்சு ஸ்டார். மத்த இரண்டுல சில்வர், கோல்டு, பிளாட்டினம் மாதிரி படிகள்.

இங்கேதான் கவனிக்கணும். ஐ.ஜி.பி.சி.ல ‘ப்ரீ-சர்டிஃபிகேஷன்’ என்று ஒண்ணு உண்டு. அது டிசைனைப் பார்த்துத் தர்றது. கட்டிடமே எழும்பாத நேரத்துல கூடக் கிடைக்கும். பிரோஷர்ல ‘ப்ரீ-சர்டிஃபைடு கோல்டு’ என்று போட்டிருந்தா, பிளான்ல கோல்டு என்று அர்த்தம். கட்டி முடிச்ச பிறகு தர்ற இறுதிச் சான்றிதழ் வேற. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கினதும் மார்க் ஷீட் வாங்கினதும் ஒண்ணா?

இறுதிச் சான்றிதழ் வாங்கினாலும் அது அன்னைக்கு நிலவரம்தான். சிங்கப்பூர்ல 2008-லிருந்து புதுக் கட்டிடங்களுக்குக் குறைந்தபட்சப் பசுமைத் தரம் சட்டப்படி கட்டாயம். அதோட விடாம, பெரிய கட்டிடங்களோட ஏ.சி. குளிரூட்டும் அமைப்பை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட் பண்ணணும்னு விதி வச்சிருக்காங்க. நகரத்துக்கு நடுவுல இருக்கிற பழைய கன்டெய்னர் துறைமுகத்தைத் துவாஸுக்கு நகர்த்திட்டு, அந்த நிலத்துல வீடும் ஆபீசும் கட்டத் திட்டமிடுறதும் அதே ஊர்தான்.

இப்போ காசுக் கணக்கு

60 லட்சம் ரூபாய் ஃபிளாட், 10 லட்சம் கைப்பணம், 50 லட்சம் கடன், 20 வருஷம், வட்டி 8.5% என்று வைப்போம். இ.எம்.ஐ. சுமார் 43,391 ரூபாய்.

சில வங்கிகள் க்ரீன் பில்டிங்குக்கு வட்டியில கொஞ்சம் சலுகை தர்றாங்க. 0.10% குறைச்சாங்கன்னு வச்சா, 8.4%-க்கு இ.எம்.ஐ. சுமார் 43,075. மாசம் 316 ரூபாய் மிச்சம். 20 வருஷத்துக்கு சுமார் 75,800 ரூபாய். நல்லதுதான்.

இப்போ மறுபக்கம். 100 ஃபிளாட், வீட்டுக்கு 4 பேர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம்ம நகரங்களுக்கான திட்டமிடல் அளவு. அதுல 45 லிட்டர் டாய்லெட் ஃபிளஷ்ஷுக்கு. எஸ்.டி.பி. ஒழுங்கா ஓடினா அந்த 45 லிட்டரை சுத்திகரிச்ச தண்ணீரிலேயே முடிச்சிடலாம். மொத்தம் 400 பேருக்கு தினம் 18,000 லிட்டர்.

எஸ்.டி.பி. படுத்துடுச்சுன்னா அந்த 18,000 லிட்டரையும் வெளியிலிருந்து வாங்கணும். 9,000 லிட்டர் லாரி இரண்டு. கணக்குக்காக லாரி 1,000 ரூபாய்னு வச்சா தினம் 2,000, மாசம் 60,000. ஒரு ஃபிளாட்டுக்கு மாசம் 600 ரூபாய்.

சோலாரையும் பாருங்க. சென்னையில ஒரு கிலோவாட் பேனல் தினம் சுமார் 4 யூனிட் தரும். மொட்டைமாடியில 20 கிலோவாட் இருந்தா மாசம் 2,400 யூனிட். பொது மின் இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய்னு வச்சா 19,200 ரூபாய். பேனல் இருக்கு, ஆனா நெட் மீட்டர் வாங்கலை, இல்லைன்னா கன்டெய்னர் லாரித் தூசு படிஞ்சு கழுவ ஆள் இல்லைன்னா, ஃபிளாட்டுக்கு மாசம் 192 ரூபாய் வரைக்கும் நஷ்டம்.

இரண்டும் சேர்ந்து மாசம் 792. வருஷம் 9,504. லாரி விலையும் கரன்ட் விலையும் ஏறவே இல்லைன்னு வச்சாலும் 20 வருஷத்துல 1,90,080 ரூபாய். சர்டிஃபிகேட்டுக்காக வங்கி கொடுத்த 75,800 ரூபாய் சலுகை, ஓடாத இரண்டு மெஷின்ல கரைஞ்சு, மேல ஒரு லட்சத்துக்கு மேல நம்ம கையிலிருந்து போகுது. இ.எம்.ஐ. கால்குலேட்டர்ல இந்த வரி வராது. மெயின்டனன்ஸ் பில்லுலதான் வரும்.

எஸ்.டி.பி. ஏன் படுக்குது? பெரும்பாலும் மெஷின் கோளாறு இல்லை. அதுக்குள்ள கழிவைத் தின்னுற பாக்டீரியா வளரணும். 100 வீட்டுக்குக் கட்டின எஸ்.டி.பி.க்கு 20 வீட்டுக் கழிவு மட்டும் போனா பாக்டீரியாவுக்குத் தீனி பத்தாது. நாத்தம் வரும், யாராவது மோட்டாரை ஆஃப் பண்ணிடுவாங்க, கதை முடிஞ்சது. அதனாலதான் குடியேற்றம் நடக்கிற மாசங்கள்ல ஆபரேட்டர் இருந்து ஓட்டணும், தண்ணீரை லேப்ல சோதிக்கணும்.

ஓட்டினா ஓடுமா? ஓடும். ஆதாரம் தண்டையார்பேட்டைக்குப் பக்கத்துலயே இருக்கு. கொடுங்கையூர்ல 2019-ல தினம் 4.5 கோடி லிட்டர் திறனோட மூணாம் நிலை சுத்திகரிப்பு நிலையம் திறந்தாங்க. நம்ம வீட்டுக் கழிவுநீர்தான் அங்கே சுத்தமாகி மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்குப் போகுது.

துறைமுகப் பகுதிக்கே உரிய நாலு விஷயம்

1. உப்புக் காத்து. காங்கிரீட் உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சா வீங்கும், காங்கிரீட்டைப் பிளக்கும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி கடலோரச் சூழலை ‘கடுமை’ வகையில வைக்குது. அந்த வகைக்கு குறைந்தது எம்30 காங்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடல் வேணும். அலைத் தூவானம் நேரா படுற இடத்துக்கு இன்னும் அதிகம். ‘எங்க பில்டிங்கை எந்த வகையில டிசைன் பண்ணியிருக்கீங்க?’ என்று கேளுங்க. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்ல அது எழுதியிருக்கும். பத்து வருஷத்துல சீலிங் பெயர்ந்தா அந்த வீட்டோட மறுவிற்பனை விலை என்ன ஆகும்னு யோசிங்க.

2. மண்ணும் நிலத்தடி நீரும். இது எண்ணெய்க் கிடங்குகளும் பூமிக்கடியில குழாய்களும் இருக்கிற பகுதி. 2013-ல தண்டையார்பேட்டையில குழாய்க் கசிவால போர் தண்ணீர்ல எண்ணெய் கலந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. பழைய ஃபேக்டரி, குடோன் இருந்த இடத்துல கட்டினா மண் பரிசோதனை அறிக்கை கேளுங்க. சுமை தாங்குமான்னு பார்க்கிற சோதனை வேற, எண்ணெய், கன உலோகம் இருக்கான்னு பார்க்கிற சோதனை வேற. இரண்டும் வேணும். ஜெர்மனியின் ஹாம்பர்க்ல பழைய துறைமுக நிலம் 157 ஹெக்டேரை ‘ஹாஃபன்சிட்டி’ என்று புது நகரமா மாத்தினப்போ, மாசுபட்ட மண்ணைச் சுத்தம் பண்ணுறது, வெள்ளத்துக்குத் தப்ப தரையை உயர்த்துறது இரண்டையும் முதல்ல முடிச்சிட்டுத்தான் மேல கட்டினாங்க.

3. கடல். துறைமுகத் தடுப்புச் சுவரால மணல் தெற்கே தங்கி மெரினா அகலமாச்சு. வடக்கே மணல் வராம ராயபுரம் முதல் எண்ணூர் வரைக்கும் கரை அரிச்சுது. அங்கே கிடக்கிற கல்சுவரெல்லாம் அதுக்காகத்தான். கடலிலிருந்து 500 மீட்டருக்குள்ள வர்ற இடம்னா கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி இருக்கான்னு பார்க்கணும்.

4. வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எண்ணூர் கழிமுகம் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள்ள வந்ததைப் பார்த்தோம். ஜெனரேட்டர், மின் பேனல், தீயணைப்பு பம்ப் எல்லாம் பேஸ்மென்ட்ல இருந்தா ஒரே மழையில எல்லாம் போயிடும். அவை எந்த மட்டத்துல இருக்குன்னு நேர்ல போய்ப் பாருங்க. அக்கம்பக்கத்துல டீக்கடைக்காரரிடம் ‘மிக்ஜாம்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு அண்ணே?’ன்னு கேளுங்க. எந்த பிரோஷரையும் விட நேர்மையான பதில் கிடைக்கும்.

சட்டம் உங்க பக்கம் எங்கே நிக்குது?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, அதாவது ரேரா. இதுல நாலு பிரிவை மட்டும் ஞாபகம் வச்சிக்கோங்க.

பிரிவு 12: விளம்பரத்துல, பிரோஷர்ல பொய்யான தகவல் கொடுத்து அதை நம்பி நீங்க பணம் கட்டி நஷ்டப்பட்டா பில்டர் ஈடு கட்டணும். அதனால பிரோஷரைத் தூக்கிப் போடாதீங்க.

பிரிவு 13: பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாம 10%-க்கு மேல முன்பணம் வாங்கக் கூடாது.

பிரிவு 14: சாவி வாங்கின அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டமைப்பிலோ, வேலைத் தரத்திலோ, ஒப்பந்தத்துல சொன்ன சேவைகளிலோ குறை இருந்தா 30 நாள்ல இலவசமா சரி பண்ணித் தரணும்.

பிரிவு 18: சொன்ன தேதியில ஒப்படைக்கலைன்னா வட்டியோட பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இல்லை, வீடுதான் வேணும்னா தாமதமான ஒவ்வொரு மாசத்துக்கும் வட்டி கேட்கலாம்.

பிரிவு 14-ல ‘ஒப்பந்தத்துல சொன்ன’ என்ற வார்த்தைதான் முக்கியம். ஒப்பந்தத்துல வெறுமனே ‘எஸ்.டி.பி. வசதி உண்டு’ என்று இருந்தா, தொட்டியைக் காட்டி ‘இதோ இருக்கே’ன்னு சொல்லிடுவாங்க. ‘தினம் இத்தனை லிட்டர் சுத்திகரிக்கும், ஒப்படைப்புக்கு முன் சோதனை அறிக்கை தரப்படும்’ என்று இருந்தா கதையே வேற.

இன்னொண்ணு, ஜி.எஸ்.டி. கட்டிக்கிட்டிருக்கிற ஃபிளாட்டுக்கு 5%. பெருநகரத்துல 45 லட்சத்துக்குள்ள, 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்குள்ள இருந்தா 1%. நிறைவுச் சான்றிதழ் வாங்கின பிறகு விற்கிற ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 60 லட்சத்துக்கு 5% என்றால் 3 லட்சம். முடிஞ்ச வீட்டை வாங்கினா அந்த வரி மிச்சம், வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டுற காலமும் மிச்சம், எல்லாத்துக்கும் மேல மெஷின் ஓடுறதைக் கண்ணால பார்த்துட்டு வாங்கலாம். விலை கொஞ்சம் கூடுதலா இருந்தாலும் இந்த மூணையும் கழிச்சிட்டு ஒப்பிடுங்க.

பில்டர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போக வேண்டிய லிஸ்ட்

- க்ரீன் சர்டிஃபிகேட் ப்ரீ-சர்டிஃபிகேஷனா, இறுதியா? ஒரிஜினல் காட்டுங்க.
- நிறைவுச் சான்றிதழ் வந்தாச்சா?
- பெரிய புராஜெக்ட்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட இயக்க அனுமதி இருக்கா? கட்டுறதுக்கான அனுமதி வேற, இயக்குறதுக்கான அனுமதி வேற. கேட்க வேண்டியது இரண்டாவது.
- எஸ்.டி.பி.யிலிருந்து வெளிவர்ற தண்ணீரோட கடைசி லேப் ரிப்போர்ட் எங்கே? ஃபிளஷ் டேங்குக்குத் தனிக் குழாய் போட்டிருக்கா?
- சோலாருக்கு நெட் மீட்டர் இருக்கா? போன மூணு மாச யூனிட் கணக்கு என்ன?
- தீயணைப்பு பம்பை இப்போ ஆன் பண்ணிக் காட்ட முடியுமா?
- லிஃப்ட் லைசென்ஸ் எந்த தேதி வரைக்கும்?
- அசோசியேஷன்கிட்ட ஒப்படைக்கும்போது மெஷின் மேனுவல், வாரன்டி கார்டு, சோதனை அறிக்கை எல்லாம் தருவீங்களா? எத்தனை மாசம் நீங்களே ஓட்டித் தருவீங்க?

எட்டுக்கும் பதில் வரணும்னு இல்லை. ஆனா கேள்வியைக் கேட்டதும் சேல்ஸ் ஆள் ‘சார், அதெல்லாம் இன்ஜினியர்ஸ் பார்த்துப்பாங்க’ன்னு சொன்னா, அந்த இன்ஜினியரோட பேசாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. நல்ல பில்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், ஃபைலை எடுத்துக் காட்டுவார்.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா?

பயப்பட வேண்டாம். சாவி வாங்கின தேதியைப் பாருங்க. அஞ்சு வருஷம் முடியலைன்னா அசோசியேஷன்ல பேசி, ஒரு தனி இன்ஜினியரை வச்சு எல்லா மெஷினையும் ஒரு தடவை சோதிச்சுடுங்க. 100 ஃபிளாட் பிரிச்சுக்கிட்டா அந்தச் செலவு சின்னது. கிடைக்கிற அறிக்கையோட பில்டருக்கு எழுத்துல கொடுங்க. 30 நாள்ல சரி பண்ணலைன்னா ரேரா ஆணையத்துல புகார் கொடுக்கலாம். நாலரை வருஷம் ஆயிடுச்சுன்னா இந்த மாசமே ஆரம்பிங்க.

என்னோட கருத்தைக் கேட்டா: மெட்ரோவுக்கு நடக்குற தூரத்துல, முடிஞ்ச, மிக்ஜாமைத் தாண்டி நின்ன கட்டிடம் கிடைச்சா தண்டையார்பேட்டை ஒரு சம்பளக்காரருக்கு நியாயமான தேர்வு. சர்டிஃபிகேட் இல்லாத, ஆனா எஸ்.டி.பி. ஓடுற பழைய கட்டிடம், பிளாட்டினம் போர்டு மாட்டி மோட்டாரை ஆஃப் பண்ணி வச்சிருக்கிற புதுக் கட்டிடத்தை விட உங்க பாக்கெட்டுக்கு நல்லது. இ.எம்.ஐ. உங்க கைச் சம்பளத்துல மூணில் ஒரு பங்கைத் தாண்டுதுன்னா, இந்த லிஸ்ட்ல எல்லாமே டிக் ஆனாலும் இன்னும் ஒரு வருஷம் கைப்பணம் சேர்த்துட்டு வாங்க.

இந்த லிஸ்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிக்கோங்க. வீடு தேடிக்கிட்டிருக்கிற ஃப்ரெண்டுக்கும் அனுப்புங்க. அடுத்த வீடியோல ரேரா இணையதளத்துல ஒரு புராஜெக்டோட முழு ஜாதகத்தையும் எப்படிப் பார்க்கிறதுன்னு பார்க்கலாம்.